ஐந்து கேலக்ஸிகளும் ஓர் இடைவெளியும்: நெருக்கக் குழுக்களைப் படிக்கத் தொடங்குவோருக்கு

2022 ஜூலை 12 அன்று ஜேம்ஸ் வெப் தொலைநோக்கியின் முதல் படங்கள் வெளிவந்தன. அவற்றில் ஒன்றில் ஐந்து கேலக்ஸிகள் ஒன்றையொன்று உரசிக்கொண்டு நின்றன. ஸ்டெஃபான் ஐவர் என்பது அந்தக் குழுவின் பெயர். சுமார் ஆயிரம் தனிப்படங்களை ஒட்டி, 15 கோடிக்கும் அதிகமான பிக்சல்களில் உருவாக்கிய படம் அது. அதைப் பார்த்துவிட்டு "இவை நிஜமாகவே மோதிக்கொள்கின்றனவா, அல்லது பார்வைக்கு அப்படித் தெரிகிறதா?" என்று கேட்டவர்கள் நிறையப் பேர். நல்ல கேள்வி. அதற்கான விடையை நீங்களே தேடிக்கொள்ளும் வழியைத்தான் இங்கே சொல்லப்போகிறேன். இணையம் உள்ள ஒரு கணினி போதும். கணக்கு என்று பார்த்தால் பெருக்கல், வகுத்தலுக்கு மேல் எதுவும் வராது. தொலைநோக்கி இருந்தால் நல்லது, இல்லாவிட்டாலும் பரவாயில்லை.

தொடங்கும் முன் ஒரு விஷயம். புதிதாக வருகிறவர்களின் கண் கேலக்ஸிகளிலேயே நின்றுவிடும். அது இயல்புதான், அவ்வளவு அழகு. ஆனால் இந்தக் குழுக்களில் என்ன நடந்தது என்பதற்கான சாட்சியம் பெரும்பாலும் கேலக்ஸிகளுக்கு நடுவே, கறுப்பாகத் தெரிகிற வெளியில்தான் கிடக்கிறது. அந்த இடத்தைப் பார்க்கப் பழகிவிட்டால் பாதி வேலை முடிந்தது.

முதலில், எதை நெருக்கக் குழு என்கிறோம்?

நாம் வாழும் பால்வீதியின் குறுக்களவு சுமார் 1 லட்சம் ஒளியாண்டு. நமக்கு அருகே உள்ள பெரிய கேலக்ஸி ஆண்ட்ரோமீடா. அது 25 லட்சம் ஒளியாண்டு தள்ளி இருக்கிறது. நம் உள்ளூர்க் குழுவில் பெரியவை என்று சொல்லத்தக்கவை மூன்றே. மற்றவை சின்னஞ்சிறியவை. ஆக, நாம் இருப்பது தளர்வான குழு. நெருக்கக் குழு என்றால் நான்கைந்து பெரிய கேலக்ஸிகள் ஒன்றுக்கொன்று ஒன்றிரண்டு லட்சம் ஒளியாண்டு தொலைவில், அதாவது தம் உடல் அளவே உள்ள இடைவெளியில், நிற்க வேண்டும்.

இதற்கு ஒரு சீரான வரையறை தந்தவர் பால் ஹிக்சன். கனடாவில் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர். பாலோமர் வான ஆய்வின் சிவப்பு ஒளிப் படங்களைக் கண்ணாலேயே சலித்து, 1982-ல் 100 குழுக்களின் பட்டியலை வெளியிட்டார். இன்றும் இந்தத் துறையில் நுழைகிறவர்கள் அந்தப் பட்டியலில்தான் தொடங்குகிறார்கள். எச்சிஜி (HCG) என்ற மூன்றெழுத்தும் ஓர் எண்ணும் சேர்ந்தால் அது ஹிக்சன் பட்டியலின் குழு. ஸ்டெஃபான் ஐவர் அதில் எச்சிஜி 92.

அவர் வைத்த நிபந்தனைகள் மூன்று. குறைந்தது நான்கு கேலக்ஸிகள் இருக்க வேண்டும். அவற்றில் மிகப் பிரகாசமானதற்கும் மற்றவற்றுக்கும் பொலிவெண், அதாவது வெளிச்சத்தை அளக்கும் வானியல் எண், வித்தியாசம் 3-க்குள் இருக்க வேண்டும். பொலிவெண்ணில் 3 என்பது ஏறத்தாழ 16 மடங்கு வெளிச்ச வித்தியாசம். இரண்டாவதாக, எல்லாவற்றையும் உள்ளடக்கி ஒரு சிறிய வட்டம் போட்டால், அதைப்போல மூன்று மடங்கு ஆரம் வரை அதே தரத்தில் வேறு கேலக்ஸி இருக்கக் கூடாது. மூன்றாவது, அந்த வட்டத்துக்குள் வெளிச்சம் போதுமான அளவு செறிந்திருக்க வேண்டும்.

இரண்டாவது நிபந்தனையை இன்னொரு முறை படியுங்கள். ஆயிரக்கணக்கான கேலக்ஸிகள் கூடிய பெருங்கொத்தின் நடுப்பகுதியும் நெருக்கமாகத்தான் இருக்கும். அதை எல்லாம் இந்த நிபந்தனை கழித்துவிடுகிறது. மிஞ்சுவது, சுற்றிலும் வெறிச்சோடிய இடத்தில் தனியே நெருக்கியடித்து நிற்கும் குழுக்கள் மட்டும். அதனால்தான் இவை சுவாரசியமானவை.

இந்த நிபந்தனைகளில் எதிலாவது தூரம் வருகிறதா? வரவில்லை. மூன்றுமே வானத்தில் எப்படித் தெரிகிறது என்பதை மட்டும் வைத்து எழுதியவை. இந்த ஓட்டையை மூன்றாம் படியில் அடைப்போம்.

இரண்டாம் படி: படத்தைத் திறந்து ஆளை அடையாளம் காணுங்கள்

பிரான்சின் ஸ்ட்ராஸ்பர்க் வானியல் தரவு மையம் நடத்தும் அலாடின் லைட் (Aladin Lite) என்ற தளத்தைப் பிரௌசரில் திறக்கவும். கட்டணம் இல்லை, கணக்குத் தொடங்கவும் தேவையில்லை. தேடல் பெட்டியில் HCG 92 என்று ஆங்கில எழுத்தில் தட்டினால் வானத்தின் அந்தப் புள்ளிக்குக் கொண்டுபோய் நிறுத்தும். குழு மிகச் சிறியது, முழுநிலவின் அகலத்தில் எட்டில் ஒரு பங்குக்குள் அடங்கிவிடும். அதனால் நன்றாகப் பெரிதாக்க வேண்டும்.

அலாடினில் வடக்கு மேலேயும் கிழக்கு இடதுபுறமும் இருக்கும். வானத்தை அண்ணாந்து பார்க்கிறோம் என்பதால் நிலப்படத்துக்கு நேர்மாறு. செய்தியில் வருகிற வெப், ஹபிள் படங்கள் பல சமயம் திருப்பி வைக்கப்பட்டிருக்கும். இரண்டையும் ஒப்பிடும்போது குழம்ப வேண்டாம்.

இப்போது பெயர்கள். ஐந்தும் என்ஜிசி (NGC) என்ற வானப்பொருள் பட்டியலில் 7317, 7318ஏ, 7318பி, 7319, 7320. இனி கடைசி இரண்டு இலக்கத்தால் மட்டும் சொல்கிறேன். கீழே இடதுபுறம் பெரிதாக இருப்பது 20. அதற்கு நேர் மேலே, கைகள் முறுக்கிக்கொண்டு நிற்பது 19. நடுவில் ஒட்டிக்கொண்டிருக்கும் இரண்டு மையங்கள் 18ஏ, 18பி. கீழே வலதுபுறம் உருண்டையாக, எந்தக் கோலமும் இல்லாமல் அமைதியாக இருப்பது 17. படத்தை இன்னும் கொஞ்சம் இடப்பக்கம் நகர்த்தினால் தனியே ஒரு சிறிய சுருள் கேலக்ஸி தெரியும். அதற்கு 20சி என்று பெயர். அதை மறந்துவிடாதீர்கள், பிறகு வரும்.

மார்செய் வானாய்வகத்தின் எடுவார் ஸ்டெஃபான் 1870-களின் பிற்பாதியில் இந்தக் குழுவைக் கண்டபோது கையில் இருந்தது லியோன் ஃபூக்கோ செய்த 80 செ.மீ. கண்ணாடி கொண்ட தொலைநோக்கி. அவருக்குத் தெரிந்தவை வெறும் மங்கலான புகைத்திட்டுகள். பால்வீதிக்கு வெளியே வேறு கேலக்ஸிகள் உண்டு என்பதே அப்போது நிலைநாட்டப்படவில்லை.

மூன்றாம் படி: வேகத்தைக் கேளுங்கள்

ஒரு படம் அகலத்தையும் உயரத்தையும் காட்டும், ஆழத்தைக் காட்டாது. ஆழத்துக்கு நம்மிடம் உள்ள எளிய கருவி செம்பெயர்ச்சி, அதாவது விலகிப்போகும் பொருளின் ஒளி சிவப்புப் பக்கம் நகர்வது. பிரபஞ்சம் விரிவதால் தூரத்துக் கேலக்ஸிகள் நம்மைவிட்டு விலகுகின்றன. விலகும் வேகம் அவற்றின் நிறமாலைக் கோடுகளில் பதிவாகிறது. தூரம் கூடக்கூட வேகமும் கூடும்.

நாசாவும் கால்டெக்கும் சேர்ந்து நடத்தும் நெட் (NED) என்ற கேலக்ஸித் தரவுத்தளத்தில் ஒவ்வொரு கேலக்ஸியின் பெயரையும் தட்டுங்கள். விலகல் வேகம் வினாடிக்கு இத்தனை கிலோமீட்டர் என்று வரும். ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். ஏறத்தாழ இப்படி இருக்கும்: 17-க்கு 6,600, 18ஏ-க்கு 6,630, 19-க்கு 6,750, 18பி-க்கு 5,770, 20-க்கு 790.

கடைசி எண்ணைப் பார்த்தவுடன் சந்தேகம் வர வேண்டும். கணக்குப் போடுவோம். தூரம் 32.6 லட்சம் ஒளியாண்டு கூடினால் விலகல் வேகம் வினாடிக்கு 70 கி.மீ. கூடும், எனவே வேகத்தை 70-ஆல் வகுத்து, வந்த விடையை 32.6 லட்சத்தால் பெருக்கினால் ஒளியாண்டில் தூரம் கிடைக்கும். 6,600-ஐ 70-ஆல் வகுத்தால் 94. பெருக்கினால் 30 கோடிக்குச் சற்று மேல். 790-க்குப் போட்டால் 3.7 கோடி. ஆக, படத்தில் ஐந்தில் பெரிதாகத் தெரியும் 20 இந்தக் குழுவைச் சேர்ந்ததே இல்லை. எட்டு மடங்கு அருகில் நின்றுகொண்டு, குழுவை மறைக்கும் முன்வரிசைக் கேலக்ஸி அது.

ஜெஃப்ரி பர்பிட்ஜ், மார்கரெட் பர்பிட்ஜ் தம்பதியர் 1961-ல் இதைக் கண்டுபிடித்தபோது பெரிய சர்ச்சையே கிளம்பியது. ஒரே இடத்தில் ஒட்டி நிற்பவற்றுக்கு இவ்வளவு வேறுபட்ட வேகம் எப்படி வரும், ஒருவேளை செம்பெயர்ச்சி தூரத்தைக் காட்டுவதே இல்லையோ என்று வானியலாளர் ஹால்டன் ஆர்ப் நெடுங்காலம் வாதாடினார். நல்ல பெரிய தொலைநோக்கியில் 20-ஐப் பார்த்தால் அந்தச் சந்தேகம் தீரும்: அதில் தனித்தனி நட்சத்திரங்களும் நட்சத்திரக் கொத்துகளும் பிரிந்து தெரிகின்றன, மற்ற நான்கில் அந்த அளவு தெரிவதில்லை. அருகில் இருப்பதன் அடையாளம் அது.

இப்படி ஏமாற்றுகிற குழு இது ஒன்றுதான் என்று நினைக்க வேண்டாம். ஹிக்சனும் அவருடன் சேர்ந்தவர்களும் பத்து ஆண்டுகளுக்குப் பிறகு, 1992-ல், எல்லாக் குழுக்களின் வேகத்தையும் அளந்து முடித்தார்கள். 100-ல் 92 குழுக்களில் குறைந்தது மூன்று கேலக்ஸிகளின் வேகம் ஒத்துப்போனது. நான்கு ஒத்துப்போனவை 69 மட்டுமே. எனவே எந்தக் குழுவைக் கையில் எடுத்தாலும் முதல் வேலை வேகப்பட்டியல். படத்தை ரசிப்பது அதற்கு அப்புறம்.

வேக வித்தியாசம் எல்லாம் தூர வித்தியாசம் ஆகாது

இங்கேதான் புதியவர்கள் சறுக்குவார்கள். 18பி-யின் வேகம் 5,770. மேலே சொன்ன கணக்கைப் போட்டால் 27 கோடி ஒளியாண்டு வரும். அப்படியானால் அதுவும் குழுவுக்குக் கிட்டத்தட்ட 4 கோடி ஒளியாண்டு முன்னால் நிற்கிறதா?

இல்லை. ஒரு கேலக்ஸியின் அளந்த வேகத்தில் இரண்டு பங்கு கலந்திருக்கும்: பிரபஞ்சம் விரிவதால் வருவது ஒன்று, அக்கம்பக்கத்து ஈர்ப்பால் அது தானாக ஓடுவது இன்னொன்று. பின்னது சில நூறு கிலோமீட்டர் எளிதாக இருக்கும், ஆயிரத்தையும் நெருங்கும். 18பி குழுவின் நடுவேதான் இருக்கிறது. ஆனால் நம் பக்கமாக, குழுவைவிட வினாடிக்கு 850 கி.மீ. அளவு அதிக வேகத்தில் பாய்ந்து வருகிறது. அதனால் அதன் விலகல் வேகம் குறைவாகத் தெரிகிறது.

அது முன்னால் நிற்கவில்லை, உள்ளே பாய்கிறது என்று எப்படித் தெரியும்? அது குழுவின் வாயுவை இடித்த தழும்பு கண்முன்னே இருக்கிறது. அதைப் பார்க்கத்தான் அடுத்த படி.

பொதுவான விதி ஒன்று வேண்டுமென்றால்: குழுவின் சராசரியிலிருந்து ஆயிரம் கி.மீ.க்குள் இருந்தால் உறுப்பினராக இருக்கலாம் என்று எடுத்துக்கொண்டு மேலே விசாரியுங்கள். பல ஆயிரம் தள்ளி இருந்தால் அநேகமாக அது வேறு தூரம்.

நான்காம் படி: இடைவெளியைப் படியுங்கள்

இந்தப் பகுதிதான் நீளமாக இருக்கும், ஏனென்றால் விஷயம் இங்கேதான் இருக்கிறது.

முதலில் வால்கள். ஒரு கேலக்ஸி இன்னொன்றின் அருகே கடந்துபோகும்போது, அருகில் உள்ள பக்கத்தை அதிகமாகவும் மறுபக்கத்தைக் குறைவாகவும் இழுக்கும். இந்த வித்தியாசத்துக்கு ஓதவிசை என்று பெயர். கடலில் ஓதம் எழுவதும் இதே காரணத்தால்தான். கேலக்ஸியின் தட்டு இரு பக்கமும் நீண்டுபோகும். ஒரு பக்கம் மற்றதை நோக்கிப் பாலம் போலவும், எதிர்ப்பக்கம் வால் போலவும் நீளும். அலார் டூம்ரே, யூரி டூம்ரே சகோதரர்கள் 1972-ல் அக்காலத்துக் கணினியில் இதைச் செய்துகாட்டினார்கள். தட்டு சுழலும் திசையிலேயே விருந்தாளி கடந்தால் வால் நீளமாக வரும். எதிர்த்திசையில் கடந்தால் அவ்வளவாக வராது. மெதுவாகக் கடந்தால் இழுப்பு நெடுநேரம் நீடிக்கும்.

அந்த "மெதுவாக" என்பதில்தான் நெருக்கக் குழுக்களின் தனித்தன்மை. பெருங்கொத்துகளில் கேலக்ஸிகள் ஒன்றையொன்று வினாடிக்கு ஆயிரம் கி.மீ. வேகத்தில் கடக்கும், எதிரெதிரே ஓடும் இரண்டு எக்ஸ்பிரஸ் ரயில்களின் ஜன்னல் வழியே கைகுலுக்க முயல்வது மாதிரி, பிடி கிடைக்கும் முன் போய்விடும். ஹிக்சன் குழுக்களில் வேகச் சிதறலின், அதாவது கேலக்ஸிகளின் வேகம் ஒன்றுக்கொன்று மாறுபடும் அளவின், நடுமதிப்பு வினாடிக்கு 200 கி.மீ.தான். அதனால் பிடி கிடைக்கிறது, நட்சத்திரங்களும் வாயுவும் உருவி வெளியே வருகின்றன.

அலாடினில் பட அமைப்பை மாற்றி, ஒளிமாறுபாட்டைக் கூட்டிப் பாருங்கள். 19-இலிருந்து இடப்பக்கமாக ஒரு வால் வளைந்து போகும். நன்கு ஆழமான படங்களில் அதற்கு இணையாக, இன்னும் மங்கலாகவும் அகலமாகவும், இரண்டாவது வால் ஒன்று 20-க்குப் பின்னால் போவது தெரியும். மங்கலானது பழையது, கூர்மையானது புதியது. வால் வயதாக ஆக விரிந்து கரைந்துகொண்டே போகும். இரண்டுமே எந்தத் திசையைக் காட்டுகின்றன? மறக்க வேண்டாம் என்று சொன்னேனே, அந்த 20சி-யை. அதன் வேகம் சுமார் 6,000. பழைய வாலை உருவியது அதுதான் என்பது பரவலான கருத்து. புதிய வாலிலும் அதற்குப் பங்கு உண்டா என்பதில் கருத்து வேறுபாடு இருக்கிறது. ஐவரில் சேராத ஒன்று, வந்து கலைத்துவிட்டு ஒதுங்கி நிற்கிறது.

வாலே இல்லாத 17-ஐ அப்பாவி என்று நெடுநாள் நினைத்திருந்தார்கள். 2018-ல் பியர் அலைன் டுக் குழுவினர் ஹவாயில் உள்ள கனடா-பிரான்ஸ்-ஹவாய் தொலைநோக்கியில் மிக ஆழமாகப் படமெடுத்தபோது அதைச் சுற்றிச் செம்மை கலந்த மங்கலான ஒளிவட்டம் ஒன்று குழுவின் பக்கமாக நீண்டிருப்பது தெரிந்தது. அதுவும் நெடுங்காலமாக இந்த இழுபறியில் இருந்திருக்கிறது.

அடுத்தது வாயு. கேலக்ஸிகள் மோதும்போது நட்சத்திரங்கள் மோதுவதில்லை. சூரியனுக்கும் அதற்கு அடுத்த நட்சத்திரத்துக்கும் இடையே உள்ள தூரம், சூரியனின் குறுக்களவைப் போல் சுமார் 3 கோடி மடங்கு. இவ்வளவு இடம் இருந்தால் எதுவும் எதிலும் முட்டாமல் ஊடுருவிப் போகும். வாயு அப்படி அல்ல. அது விரவிக் கிடப்பதால் முகத்துக்கு முகம் மோதியே தீரும்.

18பி மோதியது கேலக்ஸியோடு என்பதைவிட, முந்தைய சண்டைகளில் உருவப்பட்டு வெளியில் கிடந்த வாயுவோடு என்பதே சரி. மோதிய இடத்தில் ஏறத்தாழ 1.3 லட்சம் ஒளியாண்டு நீளத்துக்கு அதிர்ச்சி அலை ஒன்று எழுந்திருக்கிறது. அதாவது நம் பால்வீதி முழுவதையும்விட நீளம். சாதாரண ஒளிப்படத்தில் அது பெரிதாகத் தெரியாது. 1972-ல் நெதர்லாந்தின் வெஸ்டர்போர்க் ரேடியோ தொலைநோக்கியில்தான் முதலில் சிக்கியது. பிறகு எக்ஸ் கதிர்ப் படங்களிலும் அதே கோடு தெரிந்தது. வாயு பல லட்சம் டிகிரிக்குச் சூடேறியிருக்கிறது. லா பால்மா தீவில் உள்ள வில்லியம் ஹெர்ஷல் தொலைநோக்கியில் வீவ் என்ற நிறமாலைக் கருவியைப் பொருத்தி அளந்து 2024-ல் வெளியிட்ட ஆய்வில் மோதல் வேகம் மணிக்கு 30 லட்சம் கி.மீ.க்கும் மேல் என்று வந்தது. வினாடிக்கு மாற்றிப் பாருங்கள், 850 கி.மீ.யை ஒட்டி வரும். மூன்றாம் படியில் நீங்கள் தாளில் எழுதிய எண்களின் வித்தியாசம்தான் இது.

எனக்கு இதில் மிகவும் பிடித்தது 2006-ல் ஸ்பிட்சர் அகச்சிவப்புத் தொலைநோக்கி கண்டது. இவ்வளவு சூட்டில் மூலக்கூறுகள் எல்லாம் உடைந்துபோயிருக்க வேண்டும். ஆனால் அதிர்ச்சி அலை நெடுக ஹைட்ரஜன் மூலக்கூறுகளின் ஒளி அமோகமாக வந்தது. ஒரே சீராகச் சூடேறாமல், வாயு சிறுசிறு கட்டிகளாக இருந்து, அடர்ந்த கட்டிகள் வேகமாகக் குளிர்ந்து மூலக்கூறாகிவிடுகின்றன என்பது விளக்கம். சரி, இவ்வளவு மூலக்கூறு வாயு இருக்கிறதே, நட்சத்திரங்கள் கொத்துக்கொத்தாகப் பிறக்க வேண்டுமே? அதுவும் இல்லை. அந்த அளவு வாயுவுக்கு நட்சத்திரப் பிறப்பு அங்கே மிகக் குறைவு. கொந்தளிப்பு அதிகமாக இருப்பதால் வாயு சுருங்கி நட்சத்திரமாக உட்கார முடியவில்லை. "மோதினால் நட்சத்திரம் பிறக்கும்" என்று எல்லாப் புத்தகங்களிலும் இருக்கும் வரியைக் கொஞ்சம் கவனமாகப் படிக்க வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடையாது.

குளிர்ந்த வாயுவைத் தேட 21 செ.மீ. ரேடியோ அலை. நடுநிலை ஹைட்ரஜன் அந்த அலைநீளத்தில் பேசும். சாதாரணச் சுருள் கேலக்ஸியில் இந்த வாயு தட்டிலேயே, நட்சத்திரங்கள் தெரிகிற எல்லைக்கும் அப்பால் வரை பரவியிருக்கும். ஸ்டெஃபான் ஐவரில் ஏறத்தாழ எல்லாமே கேலக்ஸிகளுக்கு வெளியே கிடக்கிறது. 19 சுருள் கேலக்ஸிதான், ஆனால் அதன் தட்டில் அந்த வாயு காலி. 2022-ல் சீனாவின் 500 மீட்டர் ஃபாஸ்ட் தொலைநோக்கி இன்னும் உணர்ச்சி நுட்பமாகத் தேடியபோது, சுமார் 20 லட்சம் ஒளியாண்டு அளவுக்கு ஒரு மெல்லிய ஹைட்ரஜன் மேகம் குழுவுக்கு அருகே விரிந்து கிடப்பது தெரிந்தது.

இந்த வாயுவை வைத்து ஒரு குழுவின் வயதையும் ஊகிக்கலாம். லூர்தெஸ் வெர்தெஸ் மொன்டெனெக்ரோ என்ற ஸ்பெயின் ஆய்வாளரும் உடனிருந்தோரும் 2001-ல் வகுத்த வரிசை எளிமையானது. வாயு பெரும்பாலும் கேலக்ஸிகளுக்குள்ளேயே இருந்தால் குழு இளையது. கணிசமான பங்கு வால்களுக்குப் போயிருந்தால் நடுவயது. ஏறத்தாழ முழுவதும் வெளியே போய்விட்டாலோ, காணாமலே போய்விட்டாலோ முதிர்ந்தது. நீங்கள் எடுக்கும் எந்தக் குழுவையும் இந்த மூன்றில் எதில் சேர்ப்பது என்று கேட்டுப் பழகுங்கள்.

வெளியே போகாத வாயு உள்நோக்கியும் விழும். ஓதவிசை தட்டைக் கோணலாக்கும்போது வாயு சுழற்சியை இழந்து மையத்துக்கு இறங்குகிறது. அங்கே நட்சத்திரப் பிறப்பைத் தூண்டலாம், அல்லது நடுவில் உள்ள கருந்துளைக்குத் தீனியாகலாம். 19-இன் மையத்தில் சூரியனைப் போல் சுமார் 2.4 கோடி மடங்கு நிறையுள்ள கருந்துளை சுறுசுறுப்பாக விழுங்கிக்கொண்டிருக்கிறது. வெப் படத்தின் நடு அகச்சிவப்புப் பதிப்பில் பளீரென்று தெரியும் புள்ளி அதுதான்.

ஐந்தாம் படி: காலக்கணக்கு

ஹிக்சன் குழுக்களில் கேலக்ஸிகளுக்கு இடையே உள்ள தூரத்தின் நடுமதிப்பு ஏறத்தாழ 1.8 லட்சம் ஒளியாண்டு. வேகம் வினாடிக்கு 200 கி.மீ. ஒளியின் வேகம் 3 லட்சம் கி.மீ. ஆக, இவை ஒளியைவிட 1,500 மடங்கு மெதுவாகப் போகின்றன. 1.8 லட்சத்தை 1,500-ஆல் பெருக்கினால் 27 கோடி ஆண்டு. ஒரு கேலக்ஸி பக்கத்துக் கேலக்ஸியை எட்ட அவ்வளவுதான் ஆகும். பிரபஞ்சத்தின் வயது 1,380 கோடி ஆண்டு. அப்படியானால் இந்தக் கேலக்ஸிகள் ஐம்பது தடவை ஒன்றையொன்று கடந்திருக்கலாம்.

ஒவ்வொரு தடவை கடக்கும்போதும் இயக்க ஆற்றல் குறையும். கேலக்ஸியைச் சுற்றியுள்ள கரும்பொருளும் (ஒளி வீசாத, ஈர்ப்பால் மட்டும் தெரியவரும் பொருள்) நட்சத்திரங்களும் அதன் பின்னால் இழுபட்டு, அதைப் பின்னுக்கு இழுக்கும். இதை இயக்க உராய்வு என்பார்கள். சில சுற்றுகளுக்குள் எல்லாம் சேர்ந்து ஒன்றாகிவிட வேண்டும். ஜோஷுவா பார்ன்ஸ் 1989-ல் ஆறு தட்டுக் கேலக்ஸிகளைக் கணினியில் விட்டுப் பார்த்தார், அவை ஒன்றன்பின் ஒன்றாக இணைந்து ஒரே நீள்வட்டக் கேலக்ஸியில் முடிந்தன.

அப்படியென்றால் இன்று இத்தனை குழுக்கள் இணையாமல் இருப்பது எப்படி? இது இந்தத் துறையின் பழைய தலைவலி. கேரி மாமோன் 1980-களிலேயே சொன்ன பதில், பல குழுக்கள் நிஜத்தில் நெருக்கமே இல்லை, நீளவாக்கில் நிற்கும் தளர்வான குழு நம் பார்வைக் கோட்டில் ஒன்றன்மேல் ஒன்றாகத் தெரிகிறது என்பது. வேகம் ஒத்திருந்தாலும் இது நடக்கலாம், ஏனென்றால் சில லட்சம் ஒளியாண்டு வித்தியாசத்தை வேகம் காட்டிக்கொடுக்காது. இன்னொரு பதில், சுற்றியுள்ள தளர்வான குழுவிலிருந்து புதிய கேலக்ஸிகள் வந்து சேர்ந்துகொண்டே இருக்கின்றன என்பது. மூன்றாவது, கரும்பொருள் தனித்தனிக் கேலக்ஸிகளைச் சுற்றி இல்லாமல் குழு முழுவதற்கும் பொதுவாகப் பரவியிருந்தால் உராய்வு குறையும், குழு நெடுநாள் தாங்கும். என் கருத்தைக் கேட்டால், மூன்றும் கலந்துதான். எல்லாவற்றுக்கும் ஒரே விடை சொல்கிற கட்டுரையைப் பார்த்தால் சற்று நிதானியுங்கள்.

இணைந்து முடித்த குழுவும் உண்டு. 1994-ல் ட்ரெவர் பான்மன் குழுவினர் ரோசாட் செயற்கைக்கோளின் எக்ஸ் கதிர்த் தரவில் ஒரு விந்தையைக் கண்டார்கள். ஒரு குழுவுக்கே உரிய அளவு சூடான வாயு, நடுவில் ஒரே ஒரு நீள்வட்டக் கேலக்ஸி. உறுப்பினர்களை எல்லாம் தின்று முடித்த குழு அது என்று கருதி, புதைபடிவக் குழு என்று பெயர் வைத்தார்கள்.

கண்ணால் பார்க்க வேண்டும் என்பவர்களுக்கு

ஸ்டெஃபான் ஐவர் பெகாசஸ் மண்டலத்தில், பூரட்டாதி, உத்திரட்டாதி நட்சத்திரங்களால் ஆன பெரிய சதுரத்துக்கு வடமேற்கே இருக்கிறது. என்ஜிசி 7331 என்ற பிரகாசமான சுருள் கேலக்ஸியைப் பிடித்துவிட்டால் அங்கிருந்து அரை டிகிரி தெற்கே. தமிழ்நாட்டிலிருந்து வடக்கு வானில் 65 டிகிரி உயரம் வரை ஏறும். ஆனால் முன்னிரவில் அது உச்சத்தில் இருப்பது அக்டோபரில், வடகிழக்குப் பருவமழை வந்து இறங்குகிற நேரத்தில். மேகம் விலகும் இரவுக்குக் காத்திருக்காமல் ஆகஸ்ட், செப்டம்பரில் நள்ளிரவுக்குப் பிறகு முயல்வது புத்திசாலித்தனம். பத்து அங்குலக் கண்ணாடியும் ஊர் வெளிச்சம் எட்டாத இருட்டும் வேண்டும். அப்போதும் சாம்பல் நிறத் திட்டுகளாகத்தான் தெரியும். நேராகப் பார்த்தால் மறையும், ஓரக்கண்ணால் பார்த்தால் வரும்.

தொடங்குவோருக்கு நான் சொல்வது இது இல்லை. சிம்ம மண்டலத்தில் உள்ள எச்சிஜி 44-ஐ எடுங்கள். மக நட்சத்திரத்துக்கு மேலே அரிவாள் போல் வளையும் வரிசையில் அல்ஜீபா, அடாஃபெரா என்ற இரண்டு நட்சத்திரங்களுக்கு ஏறத்தாழ நடுவில் இருக்கிறது. மார்ச், ஏப்ரல் முன்னிரவில் உச்சிக்குச் சற்று வடக்கே. வானமும் அப்போது தெளிவாக இருக்கும். ஆறு அங்குலத் தொலைநோக்கியில் என்ஜிசி 3190-உம் 3193-உம் தெரிந்துவிடும். 3185-க்குக் கொஞ்சம் பொறுமை வேண்டும். 3187 பெரிய கண்ணாடிக்குத்தான். ஸ்மார்ட் டெலஸ்கோப் வைத்திருப்பவர்களுக்கு ஒரு மணி நேரப் பதிவில் நான்கும் விழும்.

பிறகு வீட்டுக்கு வந்து வேகப்பட்டியல் போடுங்கள். நான்கும் 1,200 முதல் 1,600-க்குள் இருக்கும், ஆகவே ஒரே குழு. தூரக் கணக்கில் 6 கோடி ஒளியாண்டு என்று வரும், வேறு முறைகளில் அளந்தவர்கள் 8 கோடி என்பார்கள். இவ்வளவு அருகில் இருக்கும்போது சொந்த ஓட்டம் மொத்த வேகத்தில் பெரும் பங்காகிவிடுவதால், வேகத்தை மட்டும் வைத்துத் தூரம் சொல்வது சரிவராது. 3187 ஆங்கில எஸ் எழுத்து போல் நெளிந்திருப்பதைப் பாருங்கள். 2013-ல் இதே குழுவில் ஏறத்தாழ 10 லட்சம் ஒளியாண்டு நீள ஹைட்ரஜன் வால் ஒன்றையும் கண்டுபிடித்தார்கள். எந்தக் கண்ணாடியிலும் அது தெரியாது.

இன்னும் சில குழுக்கள், பயிற்சிக்கு

எச்சிஜி 79, செய்ஃபர்ட் அறுவர். சர்ப்ப மண்டலத்தில், மே முதல் ஜூலை வரை. ஆறு என்று பெயர். வேகப்பட்டியல் போட்டுப் பாருங்கள். ஒன்றின் வேகம் 19,800, மற்றவை 4,400-ஐ ஒட்டியவை, ஆக அது பின்னால் வெகுதூரத்தில் நிற்கும் வேற்றாள். இன்னொன்று கேலக்ஸியே அல்ல, உருவி எடுக்கப்பட்ட நட்சத்திர வால். மிஞ்சிய நான்கும் பால்வீதி அளவு இடத்துக்குள் அடங்குகின்றன.

எச்சிஜி 16. சீட்டஸ் மண்டலத்தில், டிசம்பர், ஜனவரி. நான்கு கேலக்ஸிகள், சுமார் 18 கோடி ஒளியாண்டு. இரண்டு தம் வாயுவில் பெரும்பகுதியை இழந்துவிட்டன. மற்ற இரண்டும் நட்சத்திரப் பிறப்பின் உச்சத்தில், வாயுவை வெளியே ஊதிக்கொண்டிருக்கின்றன. முன்னே சொன்ன மூன்று நிலைகளில் இதை எங்கே வைப்பீர்கள்?

எச்சிஜி 31. எரிடானஸ் மண்டலத்தில், ஜனவரி, பிப்ரவரி. இதில் இருப்பவை குள்ளக் கேலக்ஸிகள். மற்ற இடங்களில் இப்படிப்பட்டவை நெடுங்காலத்துக்கு முன்பே இணைந்து முடிந்துவிட்டன. இங்கே இப்போதுதான் கூடுகின்றன. நட்சத்திரக் கொத்துகள் பலவற்றுக்கு ஒரு கோடி ஆண்டுகூட ஆகவில்லை. ஸ்டெஃபான் ஐவரின் அதிர்ச்சி அலையில் பிறக்காத நட்சத்திரங்கள் இங்கே ஏன் இப்படிப் பிறக்கின்றன என்று இரண்டின் மோதல் வேகத்தையும் ஒப்பிட்டு யோசியுங்கள்.

எச்சிஜி 40. ஹைட்ரா மண்டலத்தில், பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை. ஹபிளின் 32-ஆம் ஆண்டு நிறைவுக்கு 2022-ல் வெளியிட்ட படம் இதுதான். மூன்று சுருள், ஒரு நீள்வட்டம், ஒரு வில்லை வடிவம். ஐந்தும் பால்வீதியைப் போல் இரண்டு மடங்குக்கும் குறைவான அகலத்தில். படத்தில் வால் என்று சொல்லும்படி எதுவும் கண்ணில் படாது. சுமார் 100 கோடி ஆண்டில் இணைந்துவிடும் என்று கணிக்கிறார்கள். இந்த ஒன்றை மட்டும் உதவியில்லாமல் செய்து பாருங்கள்: வேகங்களை எடுங்கள், கடக்கும் காலத்தைப் போடுங்கள், அப்புறம் இதன் ரேடியோ, எக்ஸ் கதிர்ப் படங்களைத் தேடுங்கள்.